இசைப்பணியும் திருப்பணியும்

(கறம்பக்குடியில் திருக்குட நன்னீராட்டினை முன்னிட்டு நிகழ்த்திய சொற்பொழிவு)





யாகசாலைக்குப் பந்தற்கால் நாட்டியாகிவிட்டது. விமானத்திற்கு வண்ணம் தீட்டும் வேலையும் முடிந்து சாரம் இறங்கிவிட்டது. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய கஜா புயலிலே இப்பகுதியின் தென்னைகள் வரிசை வரிசையாக வீழ்ந்து கிடந்ததைக் கண்டவர்கள், இவ்வூர்க் கோயிலுக்கு இத்தகைய திருப்பணி கைகூடும் என்று அன்று எண்ணியிருக்க மாட்டார்கள். மரம் இழந்தவர்களும் மனம் இழக்கவில்லை. மறுபடியும் கன்று நட்டார்கள். அது காய்க்கத் தொடங்கியதும் கோயிலை நினைத்தார்கள். உங்கள் திருத்தொண்டைப் புகழ்ந்து சொல்ல இங்கே பலர் இருக்கின்றனர். எனக்கு இட்ட பணி வேறு.

ஆண்டுதோறும் இத்திருக்கோயிலில் இசைவிழா நடத்துவதற்கு ஓர் அமைப்புக் காண வேண்டும் என்னும் விருப்பம் அன்பர்களிடையே எழுந்திருக்கிறது. அது பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும் என்று என்னைப் பணித்தார்கள். பொருளுக்குக் குறைவில்லை, கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும் கூறினார்கள். மகிழ்ச்சி. ஆயினும், விழா தொடங்கு முன்னரே இரண்டு குழுக்கள் என்னும் பேச்சு என் காதில் விழுந்தது. முதல் நாள் யாருக்கு, கடைசி நாள் யாருக்கு, மேடையில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்னும் வினாக்களும் எழுந்திருக்கின்றன. இவ்வினாக்கள் புதியன அல்ல. இங்கிருந்து காவிரிக்கரை சென்றால், இதே வினாக்களால் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிளவுபட்டுக் கிடந்து, பின்பு ஒன்றான ஒரு சபையின் வரலாறு கிடைக்கும். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் ஆராதனையை நடத்தும் சபையைத்தான் குறிப்பிடுகின்றேன்.

அங்கே செல்லு முன் நம் வீட்டுச் செல்வத்தை ஒருமுறை நோக்கிவிடுவோம். புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலின் பக்கத்தே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கருதுவர். கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கு உரிய சுரக் கோவைகளை ஏழு பகுதிகளாக வகுத்துப் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனாகிய ஓர் அரசன், இசை பயில்வோரின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. அவ்வரசன் மகேந்திரவர்மனே என்பாரும், அல்லன் என்பாரும் உளர். அவ்வழக்கில் நாம் புக வேண்டுவதில்லை. அரசன் ஒருவன் தன் பெயரை எழுதாமல், தன் ஆசிரியர் பெயரை எழுதிவைத்தான் என்னும் செய்தி ஒன்றே நன்கொடையாளர்களாகிய நமக்குப் போதும்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலோ, முதலாம் இராசராச சோழன் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். ஆக ஐம்பதின்மர். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் வீடும் பங்கும் அளித்து, அவர்களுடைய பெயர்களைக் கல்லிலே வெட்டுவித்தான். பாடுவோரும் ஆடுவோரும் கொட்டுவோரும், ஆடவரும் பெண்டிரும், கோயிலின் குடிகளாகவே எண்ணப்பட்டனர். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தியாகராச சுவாமிகள் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றியவர். திருவையாற்றில் திருமஞ்சன வீதியில் வாழ்ந்தவர். வீதியில் உஞ்சவிருத்தி எடுத்து உண்டு, இராமபிரானைப் பாடுவதையே வாழ்வாகக் கொண்டார். இறுதி நாட்களில் துறவு பூண்டு, 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். காவிரிக் கரையிலே அவருக்குச் சமாதி அமைந்தது. மாணவர்கள் பல திசைகளிலும் பிரிந்து சென்றனர். உமையாள்புரம் மரபினர், தில்லைஸ்தானம் மரபினர், வாலாஜாபேட்டை மரபினர் என்று கிளைகள் ஓங்கின. பாடல்கள் நாடெங்கும் பரவின. ஆனால் பாடியவரின் சமாதி மட்டும் கவனிப்பாரற்றுப் போயிற்று! புகழ் ஓரிடத்திலும் புல் ஓரிடத்திலும் வளர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

1903-ஆம் ஆண்டளவில், சுவாமிகளின் நேர் மாணவர்களுள் அப்போது எஞ்சியிருந்த உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சமாதியைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தனர். அதன்பின் சில ஆண்டுகளில், தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் முன்னின்று ஆராதனையைப் பெருவிழாவாக நடத்தலாயினர். இவர்களுள் நரசிம்ம பாகவதர் சுவாமிகளின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1908-இல் நூலாக வெளியிட்டவர். வித்துவான்கள் ஊரூராகச் சென்று பொருள் திரட்டினர்; தாமே வந்து பாடினர். பாடுவோர் தம் குருநாதருக்குச் செலுத்தும் காணிக்கையாகவே அவ்விழா தொடங்கியது. பொருள் பெற்றுப் பாடும் கச்சேரியாக அன்று.

இங்கேதான் வினை புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் உடன்பிறந்தார் இருவருக்கும் மனவேற்றுமை உண்டாயிற்று. அண்ணன் பக்கத்தார் பெரிய கட்சி, தம்பி பக்கத்தார் சின்னக் கட்சி என்று இசையுலகமே இரண்டாயிற்று. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெருவித்துவான்கள் பெரிய கட்சிக்குத் தூணாக நின்றனர். ஒரே சமாதி, ஒரே திதி, ஆனால் இரண்டு விழா! பூசல் முற்றியபின் ஓர் உடன்பாடு கண்டார்கள். சின்னக் கட்சியார் ஆராதனை நாளுக்கு ஐந்து நாள் முன்பு தொடங்கி அந்நாளில் முடிப்பது. பெரிய கட்சியார் ஆராதனை நாளில் தொடங்கி அதன்பின் நான்கு நாள் நடத்துவது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவாரும் இதனினும் நுட்பமாக எழுத இயலாது. தம் வாழ்நாளெல்லாம் இராமபிரானுக்கும் தம்பியர்க்கும் இடையே இருந்த அன்பை எண்ணி எண்ணி உருகிப் பாடிய பெரியவரின் சன்னிதியில், அண்ணன் தம்பிப் பிணக்கால் இப்படி நேர்ந்தது!

இவ்விரு கட்சியாரும் ஒருமனப்பட்ட செய்தி ஒன்றும் உண்டு. பெண்கள் பாடலாகாது என்பதிலும், நாதசுரத்துக்கு மேடையில்லை என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இனி, பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பணிக்குக் கொடுத்த கை எது என்று கேட்கும் கூட்டம் இது. ஆகையால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

அவர் 1878-ஆம் ஆண்டு மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில், தேவரடியார் மரபில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, பாட்டினாலும் புலமையினாலும் பெரும்புகழும் பெருஞ்செல்வமும் பெற்றவர். 1921-ஆம் ஆண்டில், சுவாமிகளின் சமாதி சீர்குலைந்து கிடக்கும் நிலையைத் தம் ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா வாயிலாக அறிந்தார். அறிந்தவர் வருந்தி வாளாவிருக்கவில்லை. சமாதியைச் சூழ்ந்த நிலத்தைப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே கோயிலுக்கு அடிக்கல் நாட்டுவித்தார். பிறர் கொடுப்பார் என்று காத்திருக்கவில்லை. தம் அணிகலன்களையும், பாடிச் சேர்த்த பொருளையும் அதற்கே ஆக்கினார். 1926-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இன்று திருவையாற்றில் நாம் கைகூப்பி நிற்கும் சன்னிதி அந்த அம்மையார் எழுப்பியதே.

அன்பர்களே! இங்கே அமர்ந்திருப்பவர்களுள் பலர் இத்திருப்பணிக்கு ஒரு தூணோ, ஒரு படியோ, ஒரு கதவோ கொடுத்திருப்பீர்கள். முழுக் கோயிலையும் ஒருவரே கட்டுவித்து, அக்கோயிலின் முன் ஒரு பாட்டுப் பாட அவருக்கு உரிமையில்லை என்று சொன்னால் அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். பொருளை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. குரலைத்தான் வேண்டாம் என்றார்கள்.

அம்மையார் வெகுண்டு கோயிற் கதவைச் சாத்திவிடவில்லை. அவ்வாறு செய்ய அவருக்கு வழியிருந்தது. சன்னிதியின் பூசை முறைகள் அவர் பொறுப்பில் இருந்தன அன்றோ? இரு கட்சியாரும் முன்புறத்தே பந்தலிட்டுப் பாடட்டும் என்று விட்டுவிட்டு, 1927-ஆம் ஆண்டு முதல் கோயிலின் பின்புறத்தே தாமே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். பெண் கலைஞர்கள் அங்கே வந்து பாடினர்; இன்னிசையோடு அரிகதையும் நிகழ்ந்தது. உலகம் அதனைப் பெண்கள் கட்சி என்றது. ஆக, சமாதி ஒன்றுக்குக் கட்சிகள் மூன்று! தொண்டு புரிய மூன்று குழுக்கள் இருந்தால் தொண்டு மும்மடங்கு ஆகும் என்று எண்ணுவோர் இருக்கலாம். நடைமுறையில் பகை மும்மடங்கு ஆவதே வழக்கம்.

இந்நிலை 1940 வரை நீடித்தது. இதற்கிடையே இசையுலகமே மாறிவிட்டது. பசனைக் கூடங்களையும் செல்வர் மாளிகைகளையும் விட்டுச் சங்கீதம் பொதுச் சபைகளுக்கு வந்தது. திருச்சியில் 1914-இல் ரசிக ரஞ்சன சபை தோன்றியது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, அடுத்த ஆண்டே சங்கீத வித்துவத் சபை அமைந்தது. 1943-இல் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கம் கண்டார். அது தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரிய பொருள். சபைகளின் மேடைகளில் பெண்கள் பாடி மக்கள் திரண்டு கேட்கத் தொடங்கிய பின்னர், திருவையாறு மட்டும் பழைய கதவைச் சாத்திக்கொண்டிருத்தல் எங்ஙனம் இயலும்?

1940-ஆம் ஆண்டு, ஐ.சி.எஸ். அதிகாரியாகிய எஸ். ஒய். கிருஷ்ணசாமி அவர்கள் இடைநின்று முயன்றதன் பயனாக மூன்று கட்சிகளும் ஒன்றாயின. தியாகப்பிரம்ம மகோத்சவ சபை என்னும் பொது அமைப்பு விழாவை ஏற்றது. பெண்களும் சன்னிதியில் பாடும் உரிமை பெற்றனர். நாதசுரமும் உரிய இடம் பெற்றது. இன்று விழாவின் தொடக்கமே நாதசுர மங்கள இசைதான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒன்றாகிவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் மனங்கள் ஒன்றாகிவிடுவதில்லை. யார் முதலிற் பாடுவது, யார் எவ்வளவு நேரம் பாடுவது என்னும் வினா மறுநாளே முளைக்கும். பெரியோர்கள் அதற்கு அருமையான மருந்து கண்டார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்னும் ஐந்து இராகங்களில் சுவாமிகள் அருளிய ஐந்து கீர்த்தனைகளைப் பஞ்சரத்தினம் என்பர். ஆராதனை நாளன்று அவ்வைந்தினையும் அனைவரும் ஒருங்கமர்ந்து ஒரே குரலாகப் பாடுவது என்று முடிவு செய்தனர். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்கு இவ்வேற்பாட்டில் பெரும்பங்கு உண்டு என்பர். 1941 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பலர் நினைப்பதுபோல் அது சுவாமிகள் காலந்தொட்டு வரும் தொன்மை வழக்கம் அன்று. பிரிந்தவர்களைச் சேர்த்து அமர்த்துவதற்குக் கண்ட வழி. தனியே பாடினால் பெரியவர் சிறியவர் உண்டு. கூடிப் பாடும்போது யார் குரல் யாருடையது என்று காண முடியுமா? பேர்பெற்ற வித்துவானும், அவ்வாண்டுதான் பாடம் முடித்த சிறுமியும் எதிரெதிரே தரையில் அமர்கின்றனர். சுரத்தோடும் சாகித்தியத்தோடும் ஐந்து கீர்த்தனைகளையும் பிழையறப் பாடுவதற்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டும். ஆகவே விழாவுக்கு வருவோர் ஆண்டு முழுவதும் வீட்டில் பயில்கின்றனர். வராளியை ஆசிரியர் மாணவருக்கு நேரே கற்பிக்கலாகாது என்றொரு நம்பிக்கை வழங்குகிறது. அதனையும் எவ்வாறோ சமாளித்து ஆயிரக்கணக்கானோர் பாடிவிடுகின்றனர்!

அன்றைய நாள் காலையில் சுவாமிகள் வாழ்ந்த வீதியிலிருந்து உஞ்சவிருத்திப் பசனை புறப்பட்டுச் சமாதியை அடைகிறது. பின்பு சன்னிதியில் அபிடேகம் நடக்கையில் பஞ்சரத்தினம் ஒலிக்கிறது. மற்ற நாட்களில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சிறிது நேரமே. பெரிய சபைகளில் மூன்று மணி நேரம் பாடுபவரும் அங்கே ஒன்றிரண்டு கீர்த்தனைகளோடு எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறார். இம்முறை கடல் கடந்தும் சென்றுவிட்டது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராச ஆராதனை நடந்து வருகிறது.

நாகரத்தினம்மாள் இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தம் உடைமைகளை அச்சன்னிதியின் பணிக்கென அறக்கட்டளையாக எழுதிவைத்தார். பெண்கள் அங்கே பாடும் உரிமை தடைப்படலாகாது என்பதிலும் கருத்தாக இருந்தார். 1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் மறைந்தார். சுவாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. அங்கே சன்னிதியை நோக்கிக் கைகூப்பிய வண்ணம் அவருடைய சிலை இருக்கிறது. அடுத்த முறை செல்லும்போது, அந்த அம்மையாரின் முன்னும் சற்று நின்று வாருங்கள்.

நிற்க. மேடையில் இடமில்லாத ஒன்று இடம் பெற்றதற்கு நம் புதுக்கோட்டையிலும் ஒரு சான்று உண்டு. 1922-இல் மறைந்த மான்பூண்டியா பிள்ளையை அறியாதார் இரார். பலா மரத்தில் ஒரு சிறு வளையம், அதன்மேல் ஒரு தோல், அவ்வளவே கஞ்சிரா. அதனை எடுத்துக்கொண்டு அவர் தஞ்சை நாராயணசாமி அப்பாவிடம் சென்றார் என்றும், மிருதங்கத்தில் ஒப்பற்றவராகிய அப்பா இந்தப் புதுக் கருவியைப் பழித்து ஒதுக்காமல், தம் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கக் கேட்டு வியந்தார் என்றும் இசையுலகில் வழங்குவர். அப்பா அன்று முகத்தைச் சுளித்திருந்தால், புதுக்கோட்டை வழி என்று ஒரு தாளமரபே தோன்றியிருக்குமோ? மான்பூண்டியா பிள்ளையின் மாணவர்களுள் தலையாயவர் 1936-இல் மறைந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அவர் மன்னர். மற்றொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகனார் பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962 வரை வாழ்ந்து அவ்வழியைத் தமிழகமெங்கும் பரப்பினார். ஒருவர் ஒருவரை அருகில் அமர விட்டதனால் விளைந்த பயன் இத்தனை.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருகிறேன். தஞ்சையும் புதுக்கோட்டையும் அண்டை வீட்டாராக இருக்கும் இந்த எல்லையில், இசைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அமையப்போகும் குழுவுக்கு என் விண்ணப்பங்கள் சில உண்டு. விழா ஒன்றே ஆகட்டும். குழுவும் ஒன்றே ஆகட்டும். நாதசுரமும் தவிலும் சாமி புறப்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், ஒரு முழு மாலைப்பொழுதை அவர்களுக்கு அளியுங்கள். அவர்கள் மேடைமேல் அமர்ந்து வாசிக்க, நாம் கீழே அமர்ந்து கேட்போம். ஓதுவார் ஒருவரைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருமுறைப் பண்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். நிறைவு நாளில் அப்பிள்ளைகள் அனைவரும் கூடியமர்ந்து பாடட்டும். எந்தத் தெரு, எந்த வீடு என்று அங்கே கேட்கலாகாது. பொருள் தருவோர் தாராளமாகத் தரட்டும். ஆனால் இன்னார் பாடலாம், இன்னார் பாடலாகாது என்னும் நிபந்தனையோடு ஒருவர் பதினாயிரம் ரூபாய் நீட்டினால், அப்பணத்தை வணக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை விழா முடிந்த பத்து நாளுக்குள் கோயில் வாயிலில் எழுதி ஒட்டிவிடுங்கள். கணக்குச் சிறியதாக இருக்கும்போதே இப்பழக்கம் வந்துவிட்டால் நல்லது. பெரியதான பின்பு வருவது அரிது.

குழுவுக்குத் தலைவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று அறிகிறேன். அதனை இன்றே முடிவு செய்ய வேண்டும் என்பதில்லை. முதலில் நாதசுர வித்துவான்களுக்கும் ஓதுவாருக்கும் நாளைக் குறித்து வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். இரு குழுவிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து செல்லுங்கள். ஒரே வண்டியில் செல்லுங்கள்.

அதோ, மாலைப் பூசைக்கு மணி அடிக்கிறது. மங்கள இசைக்கு வந்தவர்களும் வாயிலில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் விட்டு அமைகின்றேன்.